பன்னிரண்டு சந்தனப் பொட்டு

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பீர் காய்ச்சுகிறவன். பயப்படாதீர்கள், இங்கே அது குற்றமில்லை. நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற இந்த ஊரில், நம்மூரில் ஆவக்காய் போடுவதுபோல அவரவர் வீட்டில் பீர் போடுகிறார்கள். எனக்கே அது ஆரம்பத்தில் அதிர்ச்சிதான். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பாட்டில் வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு கர்நாடக எல்லை தாண்டி ஓசூர் வந்து சேர்வதையே வீரக்கதையாகச் சொல்லித் திரிந்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். இங்கே சனிக்கிழமை பட்டப்பகலில், ஆண்களும் பெண்களுமாக ஏழு பேர், தராசும் தெர்மாமீட்டருமாக உட்கார்ந்து காய்ச்சுகிறோம். கெலமங்கலத்தில் இருக்கிற என் மாமியாருக்கு இன்றுவரை "பார்லி கஞ்சி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

இந்த ஆயுத பூஜையோடு ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்தக் குரங்கு எப்படி இருக்கும் என்று போன வருஷம்தான் நேரில் பார்த்தேன்.

2

காய்ச்சிய பீரை நாங்கள் ஊற்றி வைப்பது கெக்கில். எவர்சில்வரில், இடுப்பு உயரத்தில், ஒல்லியான பால்கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு மூடி, மூடிக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல் பருமனில் இரண்டு காம்பு. ஒன்றில் கேஸ் உள்ளே போகும், மற்றதில் பீர் வெளியே வரும். காம்பின் நடுவில் சைக்கிள் டியூப் வால்வில் இருப்பதுபோல ஒரு ஊசி. குழாயை மாட்டினால் ஊசி அழுந்தி வழி திறக்கும். அவ்வளவுதான். எங்கள் குழுவிடம் இப்படி ஆறு கெக்.

அந்த ஆறையும் கழுவுகிற பொறுப்பு காலினுடையது. காலின் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். நாங்கள் காய்ச்சுகிற ஷெட்டின் சாவி அவரிடம்தான். பேச்சு குறைவு. இந்த ஊருக்கு நான் வந்த புதிதில், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று தெரியாமல் நின்றவனைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, என் தெரு வந்ததும் தோளைத் தட்டி இறக்கிவிட்டவர். அந்தப் பழக்கம் பீர் வரைக்கும் வந்தது. இங்கே எனக்கு நண்பர் என்று சொன்னால் அவர்தான்.

போன அக்டோபரில் ஆயுத பூஜை சனிக்கிழமையை ஒட்டி வந்தது. ஓசூரில் சிப்காட்டில் இருபது வருஷம் கிரைண்டிங் மெஷினோடு வாழ்ந்தவனுக்கு அந்த நாளில் கை சும்மா இருக்குமா? அங்கே மெஷினை டீசல் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, போர்க்லிப்ட் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நம் வருகையைப் பதிகிற மெஷினுக்குக்கூடப் பொட்டு வைப்போம். நான் ஷெட்டுக்குப் பொரிகடலையும் சந்தனக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போனேன். ஆறு கெக்கையும் வரிசையாக நிறுத்தினேன். காம்பு இரண்டும் இரண்டு கண் மாதிரி என்னைப் பார்த்தன. கெக்குக்கு இரண்டாக, பன்னிரண்டு பொட்டு வைத்தேன். எல்லோரும் பொரியைத் தின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். காலின் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நான் ஏதோ விளக்கமும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது அன்று மாலையே எனக்கு மறந்துவிட்டது.

3

டிசம்பரில் முதல் கெக் கெட்டது. கிறிஸ்துமஸுக்காகப் போட்டது. முதல் டம்ளரைப் பிடித்து முகர்ந்தவர் முகம் சுளித்தார். பல் வலிக்கு வைக்கிற கிராம்பும் ஆஸ்பத்திரி பேண்டேஜும் சேர்ந்த வாசனை. எங்கோ காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது, ஊற்றிவிடுவோம் என்றார்கள். ஊற்றிவிட்டோம்.

ஜனவரியில் இரண்டாவது. அது மோர் மாதிரி புளித்திருந்தது. மூன்றாவதற்குக் குழாயை மாட்டியதுமே நுரை, நுரை, நுரை. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணை மதகைத் திறந்தால் ஆற்றை மூடிக்கொண்டு ஒரு வெள்ளை நுரை வருமே, பார்த்திருப்பீர்கள், அது இங்கே ஷெட்டுக்குள் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

மூன்றிலும் இருந்தது மாம்பழ பீர். அது என் சரக்கு. இங்கே இந்தியக் கடையில் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் டின்னில் கிடைக்கிறது. நாகரசம்பட்டிப் பக்கத்துத் தோப்புப் பழமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, டின்னைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பெருமைப்படுவேன். அந்தப் பீரைத்தான் மார்ச் மாதக் கோடைச் சந்தையில் ஊற்றுவதாக இருந்தோம். இப்போது ஒருவர் மெதுவாகக் கேட்டார், இந்தக் கூழில் ஏதாவது இருக்குமோ என்று.

உண்மையைச் சொல்கிறேன், என்னைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் ஊர்ப் பழத்தைச் சொல்கிறார்களே. நான் எழுந்து, இதற்கு ஒரு முறை இருக்கிறது, காரணத்தைக் கண்டுபிடித்து எழுத்தில் தருகிறேன் என்றேன்.

4

ஓசூரில் எங்கள் கம்பெனியில் ஒரு பொருள் தப்பாக வந்தால் "ஏன்" என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த ஏன். ஐந்தாவது ஏனில் வேர் கையில் வரும். அப்படித்தான் உட்கார்ந்து எழுதினேன். பீர் ஏன் கெட்டது, கெக்கில் கிருமி. கிருமி ஏன் வந்தது, சரியாகக் கழுவவில்லை. இதற்காக ஒரு சனிக்கிழமை காலின் கழுவுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். முன்பெல்லாம் ஸ்பேனர் போட்டுக் காம்பைக் கழற்றித் தேய்ப்பவர், இப்போது கழற்றவில்லை. பால் பாட்டில் மூடி இரண்டை எடுத்துக் காம்புகள்மேல் கவிழ்த்து, டேப் ஒட்டிவிட்டு, உள்பக்கத்தை மட்டும் சுடுதண்ணீரும் சோடாக் காரமும் விட்டுக் கழுவினார். வயசாகிவிட்டது, கண்ணும் கையும் ஓய்ந்துவிட்டன, சோம்பல் பட்டுவிட்டார் என்று எழுதிக்கொண்டேன்.

கடைசி வரி எனக்கு எழுதி எழுதிப் பழகிய வரி: கழுவுபவரின் தொடர்ந்த அலட்சியமே காரணம்.

ஓசூரில் எந்த ரிப்போர்ட்டும் இந்த வரியில்தான் முடியும். ஆபரேட்டர் அலட்சியம், எச்சரிக்கப்பட்டார். ஆபரேட்டர் கையெழுத்துப் போடுவான், போட்ட கையோடு ரெண்டு பேரும் கேன்டீனில் போண்டா தின்போம். அந்த வரி யார்மேலும் ஒட்டாது. எல்லோர் பேரிலும் ஒரு தடவை வந்திருக்கும்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த மகள் நித்யாவிடம் ஆங்கிலத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வெலிங்டனில் படிக்கிறாள். முழுதும் படித்துவிட்டு, "அப்பா, காலின் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். ஸ்பெல்லிங்கை மட்டும் பார் கண்ணு என்றேன். இரண்டு எழுத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகள் நம்மோடு சண்டை போடுகிறவரைக்கும் நம் பிள்ளைகள். ஸ்பெல்லிங்கை மட்டும் திருத்திக் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் எங்கோ தூரம் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தேன். காலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் போண்டாவுக்குப் போகிற நேரத்தை எதிர்பார்த்து நிற்கிறேன். அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சாவியை மேஜைமேல் வைத்தார். எனக்கு ஒரு தலையசைப்பு. போய்விட்டார்.

சந்தையில் ஊற்ற நகராட்சி அனுமதி வேண்டும். அந்தப் படிவத்தில் "சுத்தத்துக்குப் பொறுப்பானவர்" என்று ஒரு கட்டம் உண்டு. வருஷா வருஷம் அதில் இருந்தது காலின் பெயர். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினோம். படிவம் திரும்பி வந்தது. பெயர் மாறினால் காரணம் எழுத வேண்டுமாம். காரணத்துக்கு என் ரிப்போர்ட்டையே இணைத்து அனுப்பினோம். ஒரு மனிதனுடைய அலட்சியம் சர்க்கார் கோப்பிலும் ஏறிவிட்டது.

5

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் நானே கழுவ உட்கார்ந்தேன். எப்படிக் கழுவ வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டுகிற மாதிரி ஸ்பேனரை எடுத்து முதல் காம்பைக் கழற்றினேன்.

உள்ளே, ஸ்பிரிங்கைச் சுற்றி, மஞ்சளாக ஒரு பசை.

மாம்பழம்தானா? கூழின் நார் போய் அடைந்திருக்கிறது, குழுவில் சந்தேகப்பட்டது சரிதான், நான் ஒரு மனுஷனை அநியாயமாகத் துரத்திவிட்டேன். இவ்வளவும் ஒரு நொடியில். அப்புறம் விரலால் வழித்து முகர்ந்து பார்த்தேன்.

மாம்பழம் இல்லை. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை. ஊசிப்போன சந்தனம்.

இரண்டாவது காம்பு, மூன்றாவது, நான்காவது. கழற்றக் கழற்ற அதேதான். பன்னிரண்டிலும். ஊசிமேல் நான் வைத்த பொட்டைக் குழாய் அழுத்தி உள்ளே தள்ளியிருக்கிறது. கேஸ் அதை ஊதிப் பீருக்குள் இறக்கியிருக்கிறது. அந்தச் சந்தனமும் அன்றைக்கு இழைத்ததா? வில்லையைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து, கிண்ணத்தில் ஒரு வாரமாகப் பூஜையில் இருந்தது. அதில் எத்தனை கோடி ஜீவராசி குடியிருந்ததோ. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என் மோதிர விரலில் இருந்தது.

கழற்றிய காம்பு ஒன்றைத் துடைக்காமல் தனியாக எடுத்து வைத்தேன்.

6

யாரிடமாவது சொல்ல வேண்டும். முனிரத்தினத்துக்கு வாட்ஸப்பில் போட்டேன். ஓசூரில் காலை ஏழரை இருக்கும். முனிரத்தினமும் நானும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, ஷிப்டில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றையும் கலந்து அடிப்பவன். இப்போது கெலமங்கலம் ரோட்டில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறான். குடிலுக்குள் நின்றபடியே எடுத்தான்.

"ஏமிரா கோவிந்து, கஞ்சி காய்ச்சற நேரத்துல போன் பண்றே?"

முழுதும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்து, சிரிக்காதே என்றேன்.

"சிரிக்காம என்னா பண்ணச் சொல்றே? டயல் கேஜ் ஞாபகம் இருக்குதா உனக்கு?"

அப்போதுதான் எனக்கு இரண்டாவது இடி. முப்பது வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த முதல் ஆயுத பூஜையில், அளக்கிற டயல் கேஜின் முனையில் குங்குமம் வைத்தவன் நான். மறுநாள் முதல் ஷிப்டில் அளந்ததெல்லாம் தப்பு. ஒரு நாள் உற்பத்தி முழுதும் ஒதுக்கி வைக்கப்பட்டது. அந்த முனையைத் துடைத்துக்கொண்டே முனிரத்தினம் அன்று சொன்னதை இப்போதும் அப்படியே சொன்னான்.

"பொட்டு நெத்திக்குடா. கண்ணுக்குள்ள வெக்கறதுக்கு இல்ல."

எத்தனையோ பேருடைய சொலவடைகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு அலைகிறவன் நான். எனக்கென்று சொன்ன ஒன்றைத் தொலைத்துவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா.

காலினுக்கு ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா என்று கேட்டேன். முனிரத்தினத்தின் சிரிப்பு நின்றது.

"போன்ல சொல்ற வேலையாடா இது? காகிதத்த கையிலதானே குடுத்தே. நடந்து போ."

7

நடந்தேதான் போனேன். பத்து நிமிஷ தூரம். காலின் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். நான் கழற்றிய காம்பு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பிரித்து நீட்டினேன். என் தப்பு, என் சந்தனம், உங்கள் கழுவலில் குறையில்லை என்று, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிய ஆங்கிலத்தை ஒப்பித்தேன்.

அவர் காம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"கழுவலில் குறை இருந்ததே. நான் கழற்றவில்லை. நீ எழுதியது சரி."

ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் ஐந்து முறை ஏன் எழுதினேன். ஐந்தையும் என்னையே கேட்டு நானே பதில் சொன்னேன். இந்த மனிதரைப் பார்த்துக் கேட்ட முதல் ஏன் இதுதான்.

காலின் என்னை வினோதமாகப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"நீதானே சொன்னாய், கோவ். இது சாமி அடையாளம், அடுத்த பூஜை வரைக்கும் ஒரு வருஷம் அழிக்கக் கூடாதென்று."

சொல்லியிருக்கிறேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், பொரிகடலையை மென்றுகொண்டே, பெருமைக்கு ஒரு வார்த்தை. மெஷினில் வைத்த பொட்டை நாமாகத் துடைக்க மாட்டோம் இல்லையா, அந்த நினைப்பில் சொன்னது. சொன்னவன் மறந்துவிட்டேன். கேட்டவர் வாரா வாரம் பால் பாட்டில் மூடியைக் கவிழ்த்து, டேப் ஒட்டி, என் சாமிமேல் தண்ணீர் படாமல் காத்திருக்கிறார். நான் அதைத் தள்ளி நின்று பார்த்து, சோம்பல் என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்றுதான் கேட்டேன். அன்றைக்கு ஷெட்டில் காகிதத்தைப் படித்தபோது இதைச் சொல்லியிருக்கலாமே.

"ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்களே," என்றார் காலின். "அவர்களுக்கு முன்னால் உன் சாமியின் பேரில் பழியைப் போடச் சொல்கிறாயா?"

குச்சியைக் கட்ட மறுபடி குனிந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நாலு செடியைக் கட்டி முடித்தோம்.

8

ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன். இந்தத் தடவை நித்யாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அலட்சியம்னு எங்க எழுதினீங்க?" என்றாள். எழுதவில்லைதான். அடுத்தவருக்கு எழுதின வார்த்தை எனக்கென்று வரும்போது பேனாவில் வரவில்லை. அவள் விடவில்லை. அரை மணி நேரம் சண்டை போட்டாள். சந்தோஷமாகத் தோற்றேன். அதே வரி, என் பெயரோடு, ஷெட்டில் எழுந்து நின்று வாசித்தேன். நகராட்சிக்கும் அனுப்பினேன். மறுபடி பெயர் மாறினால் மறுபடி படிவம் என்றார்கள். மூன்று முறை நிரப்பினோம். சந்தை எங்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. போகட்டும். கட்டத்தில் காலின் பெயர் திரும்பி வந்துவிட்டது.

ஆள் வர இன்னும் நாள் ஆனது. சாவியை இரண்டு முறை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறையும் தேநீர் கொடுத்தார், சாவியை வாங்கவில்லை. மூன்றாம் முறை போகாமல், கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

நேற்று இந்த வருஷத்து ஆயுத பூஜை. கிண்ணத்தைச் சுட வைத்துக் கழுவி, சந்தனத்தைப் புதிதாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் திறந்திருந்தது. ஆணியில் சாவி இல்லை.

உள்ளே மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பன்னிரண்டு காம்பையும் கழற்றி, தேய்த்து, வரிசையாகக் காய வைத்திருந்தார் காலின். கெக் ஆறும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. நான் ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும், விளிம்புக்குக் கீழே, நெற்றி என்று தோன்றிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். காலின் தொப்பியைக் கழற்றியிருந்தார். முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனபோது, இடுப்புப் பையிலிருந்து தன் ஸ்பேனரை எடுத்து என்முன் நீட்டினார். போன வருஷம் இதை விட்டுவிட்டாய் என்றார்.

ஆமாம். பளபளவென்று நின்ற ஆறுக்கும் வைத்தேன். ஆயுத பூஜையில் ஆயுதத்தை விட்டுவிட்டேன். எங்கள் கம்பெனியில் முதல் பொட்டே ஸ்பேனருக்குத்தான்.

கை பிடிக்கிற இடத்தில், நடுவாக, ஒரு பொட்டு வைத்தேன். காலின் அதைத் தொடாமல் நுனியில் பிடித்துக்கொண்டு, இதையும் ஒரு வருஷம் அழிக்கக் கூடாதா என்று கேட்டார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா, அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

"அழியட்டும்," என்றேன். "எடுத்து எடுத்து வேலை செஞ்சு, உங்க கையிலயே அழியட்டும்."

பன்னிரண்டு காம்பையும் அவர்தான் மாட்டினார். கடைசிக் காம்பை முறுக்கி முடிக்கும்போது ஸ்பேனரில் பொட்டு இல்லை.